வெள்ளித்திரையில் புற்றுநோய்

சில ஆண்டுகளுக்கு முன் என் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவரை மருத்துவமனையில் சந்திக்கச் சென்றிருந்தேன். மூன்று பிள்ளைகளின் அன்னை. காலைத் திருப்பலிக்கு நாள்தோறும் வருபவர். மாதா சபையில் ஓயாது உழைத்தவர். மார்பில் தோன்றிய கட்டியொன்றைப் பதினான்கு மாதங்கள் எவரிடமும் சொல்லாது மறைத்து வைத்திருந்தார். கணவருக்குத் தெரியாது, வயதுவந்த மகளுக்கும் தெரியாது. கட்டி உடைந்து புண்ணாகி ஆடையில் கறைபட்ட பிறகே வீட்டார் அறிந்தனர். அதற்குள் நோய் எலும்புவரை பரவிவிட்டது.

"ஏனம்மா, முன்னமே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அந்த வேளையில் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவரோ வருந்தவில்லை. "சினிமாவில் எத்தனை பார்த்திருக்கிறோம், சாமி! டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் வீட்டில் அழுகைதானே? சொல்லாமல் இருந்தால் கொஞ்ச நாளாவது பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்" என்றார்.

அடுத்த தவக்காலம் தொடங்குமுன் அவரை அடக்கம் செய்தோம்.

அன்பார்ந்த வாசகர்களே, திரைப்படம் வெறும் பொழுதுபோக்கு, கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோகும் என்று சொல்வோர் உளர். அந்தத் தாயாரின் சொற்களைக் கேட்டபின் என்னால் அவ்வாறு எண்ண இயலவில்லை. புற்றுநோயைப் பற்றி அவர் மருத்துவரிடம் கற்கவில்லை, பள்ளியில் கற்கவில்லை, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், என் மறையுரை மேடையிலிருந்தும் கற்கவில்லை. அவர் கற்றதெல்லாம் திரையிலிருந்துதான். ஆகவே அந்தத் திரை நமக்கு எதைக் கற்பித்திருக்கிறது என்பதைச் சற்றே ஆராய்வது நன்று.

1962-இல் பிழைத்தவன், 1982-இல் மாண்டவன்

தமிழ்த் திரையில் புற்றுநோய் என்றதும் பெரியவர்களின் நினைவுக்கு முதலில் வருவது, இயக்குநர் ஸ்ரீதர் 1962-இல் உருவாக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஏறத்தாழக் கதை முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. நோயாளி முத்துராமன், அவர் மனைவி தேவிகா, மருத்துவர் கல்யாண்குமார். அந்த மருத்துவர் ஒரு காலத்தில் தேவிகாவை மணக்க விரும்பியவர். தாம் இறந்துபட்டால் மனைவி அந்த மருத்துவரையே மணக்கட்டும் என்று கணவர் எண்ணுகிறார். மருத்துவரோ, தம் உள்ளத்தை வென்று, இரவு பகல் பாராது உழைத்து, அறுவைச் சிகிச்சையால் நோயாளியைக் காப்பாற்றிவிட்டுத் தாம் உயிர் துறக்கிறார். மறு ஆண்டே இப்படம் 'தில் ஏக் மந்திர்' என்னும் பெயரில் இந்தியிலும் வந்தது.

சிறுவனாக இருந்தபோது இப்படத்தை எங்கள் ஊர்ப் பங்கு மனையின் தொலைக்காட்சியில் ஊராரோடு அமர்ந்து பார்த்தேன். அன்று எல்லோரும் அழுதது மருத்துவருக்காக. புற்றுநோயாளி பிழைத்து நடந்து போகிறார் என்பதை எவரும் பெரிதாகக் கருதவில்லை. இன்று எண்ணிப் பார்க்கையில் அதுதான் எனக்கு வியப்பூட்டுகிறது. அடையாற்றில் புற்றுநோய்க்கென மருத்துவமனை தோன்றி எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அந்தக் காலத்திலேயே ஒரு தமிழ்ப்படம், 'தகுந்த சிகிச்சை உண்டு, பிழைக்கலாம்' என்று சொல்லிற்று.

இருபது ஆண்டுகள் கழிந்தன. மருத்துவம் பல படிகள் முன்னேறிற்று. ஆனால் திரை பின்னோக்கி நடந்தது. 1982-இல் வெளிவந்த 'வாழ்வே மாயம்' படத்தில் கமலஹாசன் ஏற்ற நாயகன் புற்றுநோயால் இறக்கிறான். அது, நாகேஸ்வர ராவ் நடித்து 1981-இல் வெளிவந்த 'பிரேமாபிஷேகம்' என்னும் தெலுங்குப் படத்தின் தமிழ் வடிவம். அதே 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் மோகன் ஏற்ற பாடகனையும் அதே நோய் பறித்துக்கொள்கிறது. இரு படங்களும் பெருவெற்றி பெற்றவை. அவற்றின் பாடல்கள் தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலித்தன. அந்தத் தலைமுறையின் செவியில் இசையோடு சேர்ந்து ஒரு பாடமும் இறங்கிற்று: புற்றுநோய் என்றால் கதை முடிந்தது.

அந்தத் தாயாரும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே.

ஏன் எப்போதும் இரத்தப் புற்றுநோய்?

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்கள் எவை? பெண்களிடையே மார்பகமும் கருப்பை வாயும், ஆண்களிடையே வாய். இவையே முன்வரிசையில் நிற்கின்றன. ஆயினும் நம் படங்களின் நாயகர்களுக்கும் நாயகியர்க்கும் பெரும்பாலும் வருவது இரத்தப் புற்றுநோய், இல்லையேல் மூளைக்கட்டி. இதற்குக் காரணம் உண்டு. வாய்ப் புற்றுநோய் முகத்தைக் கெடுக்கும். மார்பகப் புற்றுநோயைத் திரையில் காட்டக் கூச்சம். கருப்பை வாயைப் பற்றி வாய் திறக்கவே தயக்கம். இரத்தப் புற்றுநோயிலோ வெளிக்காயம் இல்லை, நாற்றம் இல்லை, கட்டு இல்லை. நாயகன் கடைசிவரை அழகனாகவே பாடலாம். வெண்ணிறக் கைக்குட்டையில் ஒரு துளிச் சிவப்பு, அவ்வளவே நோய்க்குறி.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று. 1939-இல் வந்த 'டார்க் விக்டரி' என்னும் அமெரிக்கப் படத்தில் பெட்டி டேவிஸ் ஏற்ற பெண்ணுக்கு மூளைக்கட்டி. இறப்பதற்குச் சற்றுமுன் கண்பார்வை மங்குகிறது. அதைத் தவிர அவளது உடலும் அழகும் குன்றுவதே இல்லை. 1970-இல் உலகெங்கும் ஓடிய 'லவ் ஸ்டோரி' படத்தில் இளம் மனைவி இறக்கிறாள்; ஆனால் அவளுக்கு வந்த நோயின் பெயரைக்கூடப் படம் சொல்வதில்லை. சாவு நெருங்க நெருங்க நோயாளியின் அழகு கூடிக்கொண்டே போகும் விந்தையான நோய் இது என்று அமெரிக்கத் திரை விமர்சகர் ராஜர் ஈபர்ட் இதனை நகையாடியிருக்கிறார்.

முற்காலக் கதைகளில் இதே இடத்தைக் காசநோய் வகித்தது. காதலர்கள் இருமி இருமி மெலிந்து மறைந்தார்கள். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டுக் காசநோய் குணமாகத் தொடங்கியதும், கதாசிரியர்களுக்கு வேறொரு நோய் தேவைப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக், தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், 1978-இல் வெளியிட்ட நூலொன்றில் இந்த இரு நோய்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். நோயை நோயாகப் பாராமல் விதியாகவும் சாபமாகவும் உருவகமாகவும் பேசும்போது நோயாளியின் துன்பம் இரட்டிப்பாகிறது என்பதே அவர் கருத்தின் சாரம். நம் மொழியிலும் பாருங்கள்: மண்ணுக்கடியில் அரித்துக்கொண்டே போகும் கறையான் புற்றின் பெயரை இந்நோய்க்கு இட்டோம். 'அந்த ஊழல் புற்றுநோய்போல் பரவிற்று' என்று மேடையில் பேசுகிறோம். கூட்டத்தில் ஒரு நோயாளி அமர்ந்திருந்தால் அவர் உள்ளம் என்ன பாடுபடும் என எண்ணுகிறோமா? நானும் இந்தப் பிழையைச் செய்தவன்தான்.

திரை சொல்லாத கதை

விந்தை யாதெனில், திரையில் நாயகர்களைக் கொன்று குவித்த அந்த இரத்தப் புற்றுநோய்தான் மருத்துவத்தின் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றாக விளங்குகிறது. 1948-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், 'அமினாப்டெரின்' என்னும் மருந்தால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தற்காலிகமாக அடங்குவதை மெய்ப்பித்தார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஆந்திர நாட்டில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1960-களில் இந்நோய் கண்ட குழந்தைகளுள் நெடுங்காலம் பிழைத்தவர் மிகச் சிலரே. இன்று வளர்ந்த நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். பெரியவர்களுக்கு வரும் ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கு 2001-ஆம் ஆண்டு முதல் 'இமாட்டினிப்' என்னும் மாத்திரை வந்துள்ளது. நீரிழிவுக்காரர் மாத்திரை உண்பதுபோல் நாள்தோறும் அதை உண்டு, வேலைக்குப் போய், பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்போர் பலர். 2013-இல் நம் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்கான காப்புரிமையை மறுத்தமையால், இங்கே குறைந்த விலையில் தயாராகும் மாத்திரை எளியோர்க்குத் தொடர்ந்து கிட்டிற்று.

நம் அடையாறு மருத்துவமனையின் கதையோ எந்தக் கற்பனைக் கதைக்கும் குறைந்ததன்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரம் அவர் உள்ளத்தில் உறுதியாக மாறிற்று. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அதற்கு அளித்தனர். 2021-இல் தம் 93-ஆம் வயதில் மறையும்வரை சாந்தா அம்மையார் அந்த வளாகத்தைவிட்டு அகலவில்லை. ஏழை நோயாளி பணமின்மையால் திரும்பிப் போகலாகாது என்பது அவர்களது கொள்கை. மூவரும் திரையில் நாம் கண்ட எந்த நாயகருக்கும் சளைத்தவர் அல்லர்.

மறைப்பதுதான் அன்பா?

திரை கற்பித்த இரண்டாவது பாடம், முதலாவதைவிட ஆழமாக நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. 'வாழ்வே மாயம்' நாயகன் தன் நோயைக் காதலியிடம் சொல்வதில்லை. அவள் தன்னை வெறுக்கட்டும் என்று ஒழுக்கம் கெட்டவனாக நடிக்கிறான். கொட்டகையே அழுகிறது, 'ஆகா, எத்தகைய தியாகம்!' என்கிறது. நான் கேட்கிறேன்: இது தியாகமா? ஒருத்தியின் அன்பை நம்பாமல், அவள் சார்பில் தானே முடிவெடுத்து, அவளை ஏமாற்றிப் பழிசுமந்து சாவது அன்பின் உச்சமா? துன்பத்திலும் துணையிருப்பேன் என்று திருமணத்தன்று பீடத்தின்முன் வாக்களித்த நம் தம்பதியர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இதன் மறுபக்கத்தையும் நம் வீடுகளில் காண்கிறோம். மருத்துவர் உறவினரைத் தனியே அழைத்துச் செய்தி சொல்வார்; உறவினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, 'ஒன்றுமில்லை, வெறும் வயிற்றுப்புண்' என்பார். திரையில் ஆயிரம் முறை கண்ட காட்சி இது.

பெயரும் ஊரும் தவிர்த்து, குடும்பத்தாரின் இசைவோடு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இரைப்பையில் புற்றுநோய். மகன்மார் மூவரும் கூடிப் பேசி, தந்தைக்குத் தெரியக்கூடாது என முடிவு செய்தனர். நான் நற்கருணை கொண்டுபோன நாளில் மூத்தவர் வாசலிலேயே என்னை நிறுத்தி, "அப்பாவுக்கு அல்சர் என்று சொல்லியிருக்கிறோம், சாமி. நீங்களும் அப்படியே பேசிவிடுங்கள்" என்றார். உள்ளே போனேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது பெரியவர் மெல்லச் சிரித்தார். "மகன் பணம் கட்டப் போயிருந்தபோது மருத்துவமனைக் கோப்பை எடுத்துப் படித்துவிட்டேன், சாமி. முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவனுக்கு இதைப் படிக்கத் தெரியாதா? அவர்கள் நடிக்கிறார்கள், நானும் நடிக்கிறேன். இந்த நாடகத்தை யார் முதலில் முடிப்பது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

அவர் சொல்ல விரும்பியவை பல இருந்தன. விதவை மகளுக்கு ஒரு காணித் துண்டு எழுதிவைக்க வேண்டும். பதினோரு ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம்பியை ஒருமுறை காண வேண்டும். ஆனால் 'அல்சர்' நோயாளி இவற்றைப் பேசத் தொடங்கினால் நாடகம் கலைந்துவிடுமே! அவருடைய அனுமதியோடு மகன்மாரைக் கட்டிலருகே அழைத்தேன். அன்று அவ்வீட்டில் அழுகை இருந்தது உண்மை. மறுநாள் தம்பி வந்தார். அதன்பின் பெரியவர் ஒன்பது வாரம் உயிரோடிருந்தார். அந்த ஒன்பது வாரமும் அவ்வீட்டில் எவரும் நடிக்கவில்லை.

மருத்துவ உலகமும் இவ்விஷயத்தில் மனம் மாறியது என்பதை அறிவது நலம். 1961-இல் அமெரிக்க மருத்துவரிடையே நடத்திய ஓர் ஆய்வில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நோயாளிக்குப் புற்றுநோய் என்று சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979-இல் அதே கேள்வியை மீண்டும் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டுகளில் நேர்ந்த தலைகீழ் மாற்றம்! எவ்வாறு சொல்வது, எப்போது சொல்வது, எந்த அளவு சொல்வது என்பன கனிவோடு ஆராயவேண்டியவை. நோயாளி கேட்க விரும்பும் அளவுக்கு மேல் திணிப்பதும் தவறே. ஆனால் கேட்கிறவருக்குப் பொய் சொல்வதை அன்பென்று அழைக்கலாகாது.

உண்மைக்கு அருகே சென்ற படங்கள்

எல்லாப் படங்களும் இப்படி என்று சொல்வது அநீதி. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1952-இல் எடுத்த 'இகிரு' என்னும் படத்தை இளைஞர்கள் தேடிப் பார்க்க வேண்டும். அப்பெயருக்கு 'வாழ்வது' என்று பொருள். நகராட்சி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளாகக் காகிதங்களில் முத்திரை குத்திக் காலம் கழித்த வட்டனபே என்னும் முதியவருக்கு இரைப்பைப் புற்றுநோய். அங்கும் மருத்துவர் 'சாதாரணப் புண்' என்றே சொல்கிறார். ஆனால் காத்திருப்போர் அறையில் இருந்த மற்றொருவர் பேச்சிலிருந்து முதியவர் உண்மையை ஊகித்துவிடுகிறார். முதலில் கேளிக்கையில் துயரத்தை மறக்கப் பார்க்கிறார், முடியவில்லை. பின்னர், சாக்கடைத் தேக்கத்தால் அல்லலுறும் தாய்மார் பலகாலமாகக் கேட்டுவந்த சிறுவர் பூங்காவைக் கட்டித் தருவதற்காக, ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்குகிறார். பூங்கா எழுகிறது. பனி பெய்யும் இரவில் அங்குள்ள ஊஞ்சலில் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிகிறது. இப்படம் சாவைப் பற்றியதன்று. எஞ்சிய நாள்களைப் பற்றியது. 2022-இல் 'லிவிங்' என்னும் பெயரில் இது ஆங்கிலத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது; திரைக்கதை எழுதியவர் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ.

நம் நாட்டில் ஹிருஷிகேஷ் முகர்ஜி 1971-இல் தந்த 'ஆனந்த்' படத்தையும் குறிப்பிட வேண்டும். ராஜேஷ் கன்னா ஏற்ற நோயாளிக்குத் தன் நோயின் பெயர் தெரியும், குடலில் உண்டான நிணநீர்ப் புற்று, காலக்கெடுவும் தெரியும். அவன் எதையும் மறைப்பதில்லை. காணும் மனிதரையெல்லாம் நண்பராக்கிக் கொள்கிறான். கலங்குபவர் மருத்துவராக நடித்த அமிதாப் பச்சன்தான். இதிலும் உடல் நோவு போதிய அளவு காட்டப்படவில்லை எனலாம். ஆனால் நோயாளியைப் பரிதாபப் பொருளாக்காமல் மனிதனாக வைத்திருந்தது.

தொலைக்காட்சிக்கென எடுத்த படங்களுள் சிறந்தது 2001-இல் மைக் நிக்கோல்ஸ் இயக்கிய 'விட்'. மார்கரெட் எட்சன் எழுதி 1999-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம் அதன் மூலம். சூலகப் புற்றுநோய் முற்றிய பேராசிரியையாக எம்மா தாம்சன் நடித்துள்ளார். தலைமுடி உதிர்கிறது, ஓயாத வாந்தி, தனிமை. இளம் மருத்துவர்களுக்கு அவர் ஓர் ஆராய்ச்சிப் பொருள். பெயர் சொல்லி அழைத்து, உணர்விழந்தபின்னும் கைகளுக்குக் களிம்பு தடவி, அவரை மனிதராக நடத்துபவர் தாதி ஒருவரே. நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இதனைப் பார்த்தால், கட்டிலருகே நீண்ட அறிவுரை தேவையில்லை என்பதை உணர்வர்.

அண்மைக் காலத் தமிழிலும் நன்மாற்றம் தென்படுகிறது. 2019-இல் ஹலிதா ஷமீம் இயக்கிய 'சில்லுக் கருப்பட்டி'யின் நான்கு கதைகளுள் ஒன்றில், திருமணம் நிச்சயமான இளைஞனுக்கு விரையில் புற்றுநோய் காண்கிறது. சொல்லக் கூசும் இடம். நிச்சயித்த மணம் முறிகிறது. ஆயினும் படம் அவனைக் கொல்லவில்லை. சிகிச்சை பெறுகிறான், சிரிக்கிறான், வாழ்கிறான். இவ்வகை நோய் காலத்தே கண்டால் பெரும்பாலும் குணமாகும் என்பது மருத்துவ உண்மை. 1962-இல் விட்ட இடத்திலிருந்து தமிழ்த்திரை மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

புகையும் விதியும்

இன்னொரு முரண்பாட்டைக் கவனியுங்கள். நாயகன் படமெங்கும் புகைப்பான்; சிகரெட்டைச் சுழற்றி வாயில் பிடிப்பதே ஒரு கலை எனக் கைதட்டல் பெறுவான். ஆனால் புற்றுநோய் வரும்போது அது புகையால் வருவதில்லை, விதியால் வரும்! 2008-இல் வந்த 'வாரணம் ஆயிரம்' போன்ற சில படங்களே புகைக்கும் தந்தை தொண்டைப் புற்றுநோயால் மடிவதைக் காட்டின.

2012 அக்டோபர் 2 முதல், புகையிலைக் காட்சியுள்ள படங்களின் தொடக்கத்திலும் இடைவேளையிலும் எச்சரிக்கைப் படம் காட்டவேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. 2023 முதல் இணையவழித் திரைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அவ்வாறு காட்டப்பட்ட ஒரு குறும்படத்தில், ஒரே ஆண்டு குட்கா மென்றதாகச் சொல்லும் இருபத்து நான்கு வயது மராட்டிய இளைஞர் தோன்றுவார். அவர் நடிகரல்லர், மெய்யான நோயாளி, 2009-இல் இறந்துவிட்டார். கொட்டகையில் அவர் குரல் எழும்போது நம் இளைஞர் சிலர் கேலியாகச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். பொய்யான சாவுக்கு அழப் பழகிய கண்கள், மெய்யான சாவைக் கண்டு சிரிக்கின்றன. இதை யார் கற்பித்தது?

குருவானவர் வரும் காட்சி

எம்மைப் பற்றியும் திரை ஒன்றைக் கற்பித்திருக்கிறது. அங்கி அணிந்த குரு அறைக்குள் நுழைந்தால் அடுத்த காட்சி கல்லறை. இதனால் 'அப்பா பயந்துவிடுவார், சாமி, கடைசி நேரத்தில் கூப்பிடுகிறோம்' என்று வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்ட அனுபவம் குருக்கள் அனைவர்க்கும் உண்டு. முன்னாளில் 'அவஸ்தைப்பூசுதல்' என்று நாமே பெயரிட்டழைத்ததும் இதற்கு ஒரு காரணம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் இதனைத் திருத்திற்று. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972-இல் புதிய முறையை வகுத்தார். இது நோயில் பூசுதல். சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று. அறுவைச் சிகிச்சைக்குச் செல்லுமுன் பெறலாம். நலமடைந்து மீண்டும் நோயுற்றால் மீண்டும் பெறலாம்.

வலியைப் பற்றியும் ஒரு சொல். திரையில் புற்றுநோயாளி ஒன்று வலியே இன்றிப் பாடுகிறார்; அல்லது தீர்க்கவியலா வலியில் துடிக்கிறார். இரண்டும் மெய்யன்று. வலி உண்டு, ஆனால் பெரும்பாலும் அதைத் தணிக்கவும் முடியும். லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய இல்லமும், கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்பு மருத்துவமும் இதை மெய்ப்பித்துள்ளன. 'வலியைத் தாங்குவதுதான் புண்ணியம், மார்ஃபின் வாங்குவது பாவமோ?' என்று கேட்ட மூதாட்டி ஒருவருக்கு நான் சொன்ன மறுமொழி இது: திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957-லேயே, வலியைத் தணிக்கும் மருந்தை ஏற்பது தகும் என்று மருத்துவர்களிடம் தெளிவாகக் கூறியிருக்கிறார். மருந்தை மறுத்துத் துடிக்கவேண்டும் என்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்தபின் பேசுங்கள் என்கிறேன். நெடுந்தொடரில் யாருக்கேனும் புற்றுநோய் என்று காட்டி, பத்து நாள் கழித்து 'மருத்துவ அறிக்கை மாறிவிட்டது' என்று கதையைத் திருப்பும்போது, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: இது மெய்யாக நடக்குமா? இந்நோய் தொட்டால் ஒட்டுமா? ஒட்டாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். நோயுற்றவரின் தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கும் கொடுமை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

மார்பில் கட்டி, மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, நீங்காத குரல் கம்மல், காரணமின்றி உடல் மெலிதல் — இவற்றுள் எது கண்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறியும் சோதனை உண்டு. அதைத் தடுக்கும் தடுப்பூசியும் உண்டு. பணம் இல்லையே என அஞ்சவேண்டா. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் பங்கு மனைக்கு வாருங்கள், எழுதித் தருவோம்.

இறுதியாக, நான் முதலில் குறிப்பிட்ட தாயாரின் மூத்த மகளைப் பற்றி. அன்னை இறந்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் அப்பெண் தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டாள். அன்றிரவே கணவனிடம் சொன்னாள். மறுநாள் மாமியாரிடம் சொன்னாள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் இருந்தாள். சோதனை முடிவுக்காக ஒரு வாரம் அந்தக் குடும்பமே உறங்கவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் என்னை எதிர்கொண்டு, "ஒன்றுமில்லையாம், சாமி. வெறும் கொழுப்புக்கட்டியாம்" என்றாள். மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை அத்தகையனவே. பக்கத்தில் நின்ற மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்படியொரு காட்சியை நான் இதுவரை எந்தப் படத்திலும் கண்டதில்லை.